இலேசான உலோகங்களின் மேற்றோல்

உலோகங்களின் பெருமையை அவற்றின் வன்மையைக்கொண்டே மதிப்பிடுதல் உலக வழக்கமாயிருக்கின்றது. இவ்வளவு பாரத்தைத் தாங்கும், இவ்வளவு இழுப்பிற்கு அறாது நிற்கும் என்று சொல்லிவிட்டால் அவ்வுலோகத்தின் வரலாறு முழுவதையும் சொல்லி முடித்ததாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். பொறியியல் மாணவரின் பரீட்சைத் தாள்களிலும் இவ்வினாவே முன்னிற்கும். ஆயின் இயந்திர சாலைகளின் மூலையிற் குவிந்து கிடக்கும் பழைய உறுப்புக்களை எடுத்துப் பார்ப்பின், ஒடிந்து வந்தவை சில. தேய்ந்து வந்தவையே பல. ஒடிதல் உடல் முழுவதையும் பற்றிய நோய். தேய்தலோ மயிரிழையினும் மெல்லிய ஒரு மேற்படலத்தில் நிகழ்வது. உடல் எத்துணை உரமுடையதாயினும் அப்படலம் உரமற்றதாயின் உறுப்பின் ஆயுள் குறுகியதே.

அலுமினியம், மக்னீசியம், டைட்டேனியம் என்னும் இலேசான உலோகங்களின் விஷயத்தில் இவ்வுண்மையை மறப்பது பெருநஷ்டத்திற்கு இடமாகும். அவற்றின் மேற்பரப்பைப் பதப்படுத்துதல், வேலை முற்றும் முடிந்தபின் அழகிற்காகப் பூசப்படும் வர்ணம் போன்றதன்று. உறுப்பின் வரைபடம் எழுதப்படும் முதல் நாளிலேயே அஃது எண்ணத்தக்கது. இஃதே நாம் இக்கட்டுரையில் வற்புறுத்தக் கருதும் அபிப்பிராயம்.

அலுமினியத்தின் வளர்ச்சியை ஒருவாறு நினைவுகூர்வோம். 1884-ஆம் ஆண்டில் அமெரிக்கர் தம் தலைநகரிலுள்ள வாஷிங்டன் நினைவுத் தூணுக்கு உச்சிமுடியாக ஒரு சிறு அலுமினியக் கூம்பைச் சூட்டினர். அக்காலத்தில் அஃது அத்துணை அருமையான பொருளாயிருந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1886-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹால் என்பவரும், பிரான்ஸில் பால் எரூ என்பவரும், ஒருவரை யொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தனர். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள். ஹால் ஒரு பாதிரியாரின் புதல்வர்; ஓபர்லின் என்னும் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணாக்கர்; வீட்டை அடுத்த விறகுக் கொட்டகையில், தம் தமக்கை ஜூலியாவின் உதவியோடு அப்பரிசோதனையை நடத்தியவர். கல்லூரி ஆசிரியர் ஒருவர் வகுப்பறையிற் கூறிய ஒரு வார்த்தை அம்மாணவரைத் தூண்டிற்றென்பர். நம்போன்ற கல்லூரிகளில் இரசாயனம் கற்பார் இதனை அறிந்துகொள்ளல் நன்று.

அவ்வுலோகம் நம் நாட்டிற்கு வரவும் நெடுங்காலம் செல்லவில்லை. 1898-ல் சென்னைக் கலைத்தொழிற் பாடசாலையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் பொறியியற் பேராசிரியர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பித்தளைக்கும் செம்பிற்கும் பழகிய அடுக்களைகளில் அப்புதிய பாத்திரம் இலேசென்றும் மலிவென்றும் இடம்பெற்றது. எனினும் வாங்கிய சின்னாளிலேயே அதன் மேனி கீறலுற்று மங்குவதையும், துணியால் துடைத்தால் துணி கறுப்பதையும் நம் தாய்மார் கண்டிருப்பர். அக்கறுப்பு வெறும் அழுக்கன்று. தேய்ந்து உதிர்ந்த உலோகமும் அதன் துருவுமே அது. இக்கட்டுரையின் விஷயம் முழுவதும் அத்துணியில் அடங்கியிருக்கின்றது.

1906-ல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்பவர், சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் தோய்த்துச் சில நாள் வாளா வைத்திருப்பின் அது தானே வலுப்பெறுவதைக் கண்டார். அக்கலப்பு டுராலுமின் எனப் பெயர் பெற்றது. ஆகாயக் கப்பல்களும் விமானங்களும் அதனாலாயின. இரும்பு நீரினும் 7.87 மடங்கு கனமுடையது; அலுமினியம் 2.7 மடங்கே. சாதாரண எஃகின் வன்மையும் அதன் மூன்றிலொரு பங்கு கனமும் ஒரு பொருளில் வாய்த்தபோது, இனி எஃகிற்கு வேலையில்லையென்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. அவர்கள் எண்ணாதது அதன் மேற்றோலை.

அலுமினியம் ஏன் இவ்வளவு எளிதில் தேய்கின்றது? காற்றுப் பட்ட அக்கணமே அதன்மேல் பிராணவாயு கூடிய ஒரு படலம் உண்டாகின்றது. அதன் கனம் சில நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராம். அப்படலம் மிகக் கடினமானது. அரிப்பினின்றும் உலோகத்தைக் காப்பது. ஆனால் அதன் கீழுள்ள உடல் மெல்லியது. சேற்றின்மேல் விரித்த கண்ணாடித் தகடுபோல, உராய்வின் பாரம் ஏறியவுடன் அது நொறுங்குகின்றது. நொறுங்கிய இடத்தில் வெறும் உலோகம் எதிருறுப்போடு நேரே பொருந்தி ஒட்டிக்கொள்கின்றது. நகரும்போது பிய்ந்து வருகின்றது. பிய்ந்த துகள் உடனே பிராணவாயுவை ஏற்றுக் கடினமான பொடியாகி, இரு பரப்புக்களுக்கும் இடையே அகப்பட்டு, அரம்போல் இரண்டையும் அராவுகின்றது. தன் உடலிற் பிறந்த பொடியே தன்னைத் தின்னும் நிலை இது.

எஃகிற்கும் இத்துன்பம் உண்டெனினும், அதற்கு மருந்து பழமையானது. கொல்லர் இரும்பைக் கரியிற் புதைத்து 900 டிகிரி அளவில் நெடுநேரம் காய்ச்சித் தோய்த்தால், கரி மேற்புறத்தில் ஊறி, உள்ளே நெகிழ்வும் புறத்தே வயிரமும் உடைய உறுப்புக் கிடைக்கும். அவ்வழக்கத்தை அலுமினியத்திற் செய்யப் புகுவார்க்கு இடர் பெரிது. அது 660 டிகிரியில் உருகிவிடும். உருகுமுன்னரே, ஏறக்குறைய 200 டிகிரியில் நெடுநேரம் வைத்தாலே, வில்ம் கண்ட அவ்வலிமை தளரத் தொடங்கும். ஆகவே சூட்டினாலன்றி வேறு வழியால் தோலை வயிரமாக்க வேண்டியதாயிற்று.

அவ்வழியை இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர் 1923-ல் காட்டினர். கடல் விமானங்களின் டுராலுமின் உறுப்புக்கள் உப்புநீரால் அரிக்கப்படாமற் காப்பதே அவர்கள் நோக்கம். உறுப்பைக் குரோமிக் திராவகத்தில் தொங்கவிட்டு மின்சாரத்தின் நேர்முனையோடு இணைத்தனர். தானே உண்டாகும் படலம் பன்மடங்கு தடித்து வளர்ந்தது. 1927-ல் கந்தகத் திராவகம் அவ்வேலைக்கு வந்தது. அதுவே இன்றும் பெருவழக்கு. நேர்முனையை அனோடு என்பராதலின் இம்முறைக்கு அனோடைசிங் என்று பெயர். இதில் பூசுதல் என்பது இல்லை; உலோகமே தன் மேற்பகுதியைத் தோலாக மாற்றிக்கொள்கின்றது. ஆதலின் வர்ணம்போல் உரிந்துவிழும் அச்சம் இதற்குக் குறைவு.

சாதாரண அனோடைசிங்கில் திராவகம் ஏறக்குறைய 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும். மின்சாரம் படலத்தை வளர்க்க, திராவகம் அதனைக் கரைத்துக்கொண்டேயிருக்கும். இவ்விரண்டின் போராட்டத்தில் எஞ்சுவதே தோல். திராவகத்தைப் பனிநிலைக்கு அருகே குளிர்வித்தால் கரைதல் குன்றுகின்றது. தோல் தடிப்பாகவும் இறுக்கமாகவும் வளர்கின்றது. அதற்கேற்ப வோல்ட் அளவையும் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். இங்ஙனம் 50 மைக்ரான், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதிலொரு பங்கு கனமுள்ள கடுந்தோல் கிடைக்கும். விக்கர்ஸ் அளவையில் டுராலுமினின் கடினம் ஏறக்குறைய 130 எனின், இத்தோலின் கடினம் 350 முதல் 500 வரை செல்லும். இன்று கடைகளில் விற்கும் கருஞ்சாம்பல் நிறச் சமையற் பாத்திரங்கள் இம்முறையிற் பதப்படுத்தியவை. கரண்டி பட்டும் கீறாமலும் துணியைக் கறுக்காமலும் அவை இருப்பதன் காரணம் இதுவே.

இனி இதன் குறைகளையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். தோலின் பாதி உலோகத்தினுள்ளும் பாதி வெளியிலுமாக வளர்தலால், 50 மைக்ரான் தோல் வளர்ந்த பரப்பு 25 மைக்ரான் புறத்தே வந்துவிடும். துளையாயின் விட்டத்தில் 50 மைக்ரான் குறையும். இதனை முன்னரே கணக்கிடாமற் கடைந்த உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தா. கூரிய முனைகளில் தோல் இரு பக்கமும் செங்குத்தாக வளர்வதால் நடுவே பிளவு விழும். ஆதலின் முனைகளை முதலிலேயே உருட்டி விடுதல் வேண்டும். செம்பு மிகுந்த கலப்புக்களிலும் சிலிக்கன் மிகுந்த வார்ப்புக்களிலும் நல்ல தோல் வளர்வது அரிது. அடிக்கடி வளைந்து நிமிரும் உறுப்பில் கடுந்தோலின் வெடிப்புக்களே உடல் வெடிப்பிற்கு வித்தாகின்றன. அரிப்பைத் தடுக்கவேண்டிக் கொதிநீரில் இட்டுத் துளைகளை மூடினால், தேய்மானத்தை எதிர்க்கும் ஆற்றல் சிறிது குறையும். பொருளைத் தெரிதல், அளவு குறித்தல், முனை வைத்தல் ஆகிய அனைத்தும் தோலை நோக்கியே செய்யவேண்டியவை. கடைசி நாளில் உறுப்பைத் தொட்டிக்காரரிடம் அனுப்பி, "கொஞ்சம் கெட்டியாகப் போட்டுக் கொடும்" என்பவர் பின்னர் அவரையே நோதல் நியாயமன்று.

ஈண்டு தமிழர் மகிழத்தக்க ஒரு செய்தியுண்டு. அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து படிகமாய் இறுகிய இயற்கைப் பொருளே குருந்தக்கல். ஆங்கிலத்திலும் அதன் பெயர் நம் குருந்தத்திலிருந்தே பிறந்தது. வைரத்திற்கு அடுத்த கடினம் அதற்கு. செந்நிறம் பெற்றால் மாணிக்கம், நீலநிறம் பெற்றால் நீலமணி. சாணைக்கல்லில் வேலை செய்வதும் அதுவே. கந்தகத் திராவகத்தில் வளர்க்கும் தோல் அதே சேர்க்கையாயினும் படிகமாக இறுகாதது. ஆகையால் குருந்தத்தின் முழுக் கடினம் அதற்கில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோவியத் நாட்டு விஞ்ஞானிகள் பெரிதும் வளர்த்த மற்றொரு முறையில் உண்மைக் குருந்தமே கிடைக்கின்றது. நீர்த்த காரக் கரைசலில் உறுப்பை இட்டு 400 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்தால், அதன் மேனி முழுவதும் நுண்ணிய பொறிகள் மின்மினிக் கூட்டம்போல் ஓடித் திரியும். ஒவ்வொரு பொறியும் ஒரு கணம் படலத்தை உருக்கி இறுகச் செய்கின்றது. உடலோ கரைசலின் குளிர்ச்சியில் சூடேறாமல் இருக்கின்றது. இத்தோலின் கடினம் விக்கர்ஸ் அளவையில் 1000-க்கு மேற்படும். நீரினும் 1.74 மடங்கே கனமுள்ள, மிக எளிதில் அரிபடும் மக்னீசியத்திற்கும் இம்முறை ஓரளவு உதவுகின்றது. வெளிப்புறத்திற் பஞ்சுபோல் நிற்கும் பகுதியைத் தேய்த்தெடுக்கவேண்டும் என்பதும், மின்சாரச் செலவு மிகுதி என்பதும் இதன் குறைகள்.

எனினும் கடினம் ஒன்றையே நாடுதல் மற்றொரு பிழை. மெல்லிய உடலின்மேல் வைத்த மிகக் கடினமான மெல்லிய தோல் முட்டையோடு போன்றது. தனித்துத் தட்டினால் உறுதி, விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். டைட்டேனியத்தில் இதனை நன்கு காணலாம். அஃது எஃகிற்கு நிகரான வன்மையும் ஏறக்குறைய பாதிக் கனமும் உடையது. மனித உடலின் நீர் அதனை அரிப்பதில்லை. ஆதலால் இடுப்பு மூட்டுக்கு மாற்றாக வைக்கும் செயற்கை உறுப்பின் தண்டும், ஒரு காலத்தில் அதன் உருண்டையும்கூட, டைட்டேனியக் கலப்பினாற் செய்யப்பட்டன. தண்டு நன்றாயிருந்தது. உருண்டையோ கிண்ணத்தில் உராய்ந்து கீறலுற்றுக் கரும்பொடியை உதிர்த்தது. மறு சிகிச்சைக்கு மூட்டைத் திறந்த வைத்தியர் சுற்றியுள்ள தசை கறுத்திருக்கக் கண்டனர். நம் பாத்திரத் துணியின் கறுப்பே ஒரு நோயாளியின் உடலினுள் நிகழ்ந்தது. பொன்னிறமான நைட்ரைடுத் தோலை மேலே படியச் செய்தும், நைட்ரஜனை மின்விசையால் மேற்பரப்பினுள் ஏற்றியும் பார்த்தனர். மெல்லிய அத்தோல்கள் கீறி விலகிய இடத்தில் பழைய துன்பமே மீண்டது. இக்காலத்தில் உருண்டையைக் கோபால்ட்டு-குரோமியக் கலப்பினாலோ, குருந்தத்தின் இனமாகிய பீங்கானாலோ செய்து, டைட்டேனியத் தண்டின்மேல் பொருத்துகின்றனர். 1970-ல் பிரான்ஸில் பூத்தேன் என்னும் வைத்தியர் அப்பீங்கானை முதன்முதல் இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தினார்.

டைட்டேனியத்திற்குத் தோலே பயன்படாதென்பது இதன் கருத்தன்று. 700 டிகிரிக்கு மேல் நைட்ரஜனிற் காய்ச்சினால், மேலே கடுந்தோலும் அதன்கீழ்ப் படிப்படியாகக் கடினம் குறையும் ஓர் இடைநிலமும் உண்டாகும். அவ்விடைநிலமே தோலைத் தாங்கும் அடித்தளம். அஃதின்றி மேலே எத்துணைக் கடினமானதை வைத்தாலும் பயன் சிறிது. ஆராய்ச்சியாளர் பலர் தோலின் கடினத்தைப் பெரிய எழுத்திற் குறித்து, அடித்தளத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாது விடுவது நமக்கு வருத்தமே.

மோட்டார் எஞ்சின்களின் கதை இன்னும் பாடமுள்ளது. அலுமினிய எஞ்சினின் உருளைக்குள் இரும்பு உறை ஒன்றைச் செருகிவிட்டால் தேய்மானத் தொல்லை தீரும். பெரும்பாலும் அவ்வாறே செய்துவந்தனர். 1970-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஷெவர்லே வேகா என்னும் வண்டி உறையை நீக்கத் துணிந்தது. அதன் அலுமினியத்தில் 17 சதவிகிதம் சிலிக்கன் கலந்திருந்தது; உருளையின் உட்புறத்தை இழைத்தபின் திராவகத்தால் அலுமினியத்தைச் சிறிது அரித்துக் கடினமான சிலிக்கன் மணிகளை வெளியே நிற்கச் செய்தனர். பிஸ்டனுக்கு இரும்புப் பூச்சு. எண்ணம் நல்லதே, ஆனால் எஞ்சின் சூடேறியபோது உருளைகள் கோணின, எண்ணெய் குடிக்கும் வண்டி என்று அதற்குப் பெயர் வந்தது. அதே கலப்பைக்கொண்டு 1977-ல் ஜெர்மானியர் வெளியிட்ட போர்ஷே 928 நன்றாக ஓடிற்று. குற்றம் தோலில் இல்லை, அதனைச் சூழ்ந்த ஏற்பாட்டில் என்பது இதனால் விளங்கும். பிறிதொரு முறை, நிக்கலில் சிலிக்கன் கார்பைடுத் துகள்களைப் பொதித்து உருளையிற் படியவைப்பது. ஜெர்மனியின் மாலே நிறுவனத்தார் அதற்கு நிக்காசில் எனப் பெயரிட்டனர். தேய்மானத்தை அது மிக நன்றாக எதிர்த்தது. 1990-களில் பி.எம்.டபிள்யூ. வண்டிகள் சில அத்தோலோடு கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்கும் நாடுகளுக்குச் சென்றன. கந்தகத்தினால் உண்டான திராவகம் நிக்கலைத் தின்றது. உராய்வுக்கென்று தேர்ந்த தோல் அரிப்பினால் அழிந்தது. எந்தப் பகைவனுக்காகக் கோட்டை கட்டுகின்றோம் என்பதை முழுதும் ஆராயாமற் கட்டினால் இப்படி நேரும்.

இவற்றைக் கண்டு, இரும்பு உறையே போதும், இப்புதுமை யெல்லாம் வேண்டாம் என்பாரும் உளர். கனம் ஒரு பொருட்டாகாத இடத்தில் அவர் சொல்வது சரியே. தரையில் ஊன்றிய நீரிறைக்கும் எந்திரத்தைச் சிறிது இலேசாக்குவதாற் பெறும் பயன் யாது? ஆனால் சுழல்வனவும், தூக்கிச் செல்வனவும், பறப்பனவும் வேறு. கோயம்புத்தூர் முதலிய இடங்களில் நூற்கண்டு சுற்றும் இயந்திரங்களில், பள்ளம் வெட்டிய அலுமினிய உருளைகள் விரைந்து சுழன்று நூலை அங்குமிங்கும் ஓட்டும். மெல்லிய நூல் உலோகத்தை என்ன செய்யுமென்று கேட்பவர், கிணற்றின் கல்லைக் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தாற் போதும். அங்கே கடுந்தோல் இன்றியமையாதது; இரும்பாற் செய்தால் சுழற்றும் மின்சாரச் செலவு ஏறும்.

தொட்டியருகே நிற்கும் தொழிலாளியைப் பற்றியும் நாம் பேசாதிருத்தல் தகாது. குரோமிக் திராவகத் தொட்டியிலிருந்து எழும் ஆவித்துளிகளில் உள்ள ஆறுமதிப்புக் குரோமியம் நுரையீரலிற் புற்றுநோயை விளைக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 2017 முதல், தனி அனுமதியின்றி அதனைத் தொழிலிற் பயன்படுத்தலைத் தடுத்துவிட்டன. நம் மாகாணத்தில் இராணிப்பேட்டையில் ஒரு குரோமேட்டுத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குன்று, மூடப்பட்ட பின்னரும் நிலத்தடி நீரைக் கெடுத்தது யாவரும் அறிந்ததே. கந்தகத் திராவகமும் காரக் கரைசலும் தீங்கற்றவை அல்ல. எனினும் அவற்றைச் சமன்செய்து கழித்தல் எளிது. ஒரே பயனைத் தரும் இரு முறைகளுள் ஒன்று தொழிலாளியின் மூச்சை நஞ்சாக்குமாயின், அதனைத் தேய்மானக் கணக்கொன்றைக் காட்டி ஆதரிப்பதை நாம் ஒப்புக்கொள்ளோம்.

கணக்கு என்றவுடன் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. தேய்மானம் பத்திலொன்றாய்க் குறைந்தது என்று முடியும் கட்டுரைகளை நாம் நிரம்பப் படிக்கின்றோம். பெரும்பாலானவை சுழலும் வட்டின்மேல் ஒரு சிறு முளையை எண்ணெயின்றி அழுத்தி அளந்தவை. பதப்படுத்திய முளை தேயாதது உண்மையாயிருக்கும். எதிரே சுழன்ற வட்டு எவ்வளவு தேய்ந்தது என்பதைத் தேடினால் அக்கட்டுரையிற் காணோம். மேனி கரடான கடுந்தோல் எதிருறுப்பை அராவித் தான் பிழைக்கலாம். இயந்திரத்தின் சொந்தக்காரர்க்கு இரண்டும் விலைகொடுத்து வாங்கியவையே.

ஆகவே நம் கல்லூரியின் விஞ்ஞான சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வாராய்ச்சிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பழைய மோட்டார் ஒன்று, அதனாற் சுழலும் எஃகு வட்டு, ஒரு நெம்புகோல், சில எடைக்கற்கள் ஆகியவற்றைக்கொண்டு பணிமனையிலேயே தேய்வுப் பொறி அமைக்கலாம். காரீயத் தகட்டை எதிர்முனையாக வைத்து, 15 சதவிகிதக் கந்தகத் திராவகத்தைப் பனிக்கட்டியாற் சூழ்ந்து, ஆவி வெளியேறும் கூண்டினுள், ஆசிரியர் உடனிருக்க அலுமினிய முளைகளைப் பதப்படுத்தலாம். இரசாயன சாலையின் தராசு ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கையும் காட்டும். அலுமினியத்தில் அஃது 0.037 கன மில்லிமீட்டர் தேய்வாகும். வெறும் முளை, சாதாரணத் தோலுடைய முளை, கடுந்தோலுடைய முளை என மூன்றையும், எண்ணெயிட்டும் இடாமலும், சிறிது மணற்பொடி தூவியும் ஓட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் முளையை நிறுத்தபின் வட்டையும் கழற்றி நிறுத்து, இரண்டு எண்களையும் ஒரே வரியில் எழுதி வைக்கட்டும்.